அத்தையின் ஆர்.பி.எம். மீட்டர்

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அத்தைதான். அப்பாவுக்கு சைக்கிளே சந்தேகம். காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, சாயங்காலம் அதே மாதிரி ஒரு ரயிலில் வந்து இறங்குவதுதான் அவருக்குத் தெரிந்த போக்குவரத்து. அம்மா சேலையூரிலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. நடந்தே போய் வந்துவிடுவாள். ஆகவே தாத்தா ஓய்வு பெற்ற கையோடு அரசாங்க ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப், அவர் காலத்துக்குப் பிறகு, கேட்பாரில்லாமல் அத்தைக்கு வந்து சேர்ந்தது. வீட்டில் யாருக்கும் அதில் வருத்தமில்லை. கார் நிறுத்தும் இடம் காலியானால் அங்கே துணி உலர்த்தலாமே என்று அம்மாவுக்கு மட்டும் ஓர் எண்ணம் இருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன தொழிற்சாலையில், கடைந்து வரும் இரும்புத் துண்டுகள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் காலனியில் எல்லோரும் விசாரித்தார்கள். அவளைத் தவிர மற்ற எல்லோரிடமும் விசாரித்தார்கள். அவளும் நானும் ஓர் அறை. அலமாரியில் மேல் இரண்டு தட்டு அவளுக்கு, கீழே இரண்டு எனக்கு. அவளுடைய சட்டையில் எப்போதும் லேசாக எண்ணெய் வாசனை அடிக்கும். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பெரியவளானால் என்ன ஆவாய் என்று யாராவது கேட்டால், டாக்டர் என்று வாயால் சொல்லிவிட்டு, அத்தை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அந்த வருஷம் ஜீப் புகை கக்க ஆரம்பித்தது. பெட்ரோலைக் குடிக்கிறது, எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கிறது என்றார் மெக்கானிக் அண்ணன். ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டிருந்தவர் அவர். அந்த எஞ்சினைச் சரிசெய்வதைவிட, உடைக்க வந்த ஒரு வேனின் டீசல் எஞ்சின் நல்ல நிலையில் கிடக்கிறது, அதைத் தூக்கி இதில் வைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. அப்பாவின் யோசனை வேறு. விற்றுவிடலாம் என்றார்.

அதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. இரண்டு வாரம் முன்னால் முடிச்சூர் சாலையில் ஒரு லாரிக்காரன் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தானாம். அத்தை வழியே விடவில்லையாம். கடைசியில் அவன் பக்கத்தில் வந்து கன்னாபின்னாவென்று திட்டிவிட்டுப் போனானாம். அந்த நேரம் பார்த்து எங்கள் காலனிக்காரர் ஒருவர் அந்தச் சாலையில் பைக்கில் வந்திருக்கிறார். செய்தி அத்தைக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

"கனவு கண்டுக்கிட்டே ஓட்டுறா. இப்படி ஓட்டறவளுக்கு எதுக்கு வண்டி?" என்றார் அப்பா.

அத்தை சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தால் உடனே ஒதுங்கிவிட வேண்டுமா என்ன? அத்தை வேண்டுமென்றேதான் வழி விடவில்லை என்று நான் முடிவு கட்டினேன். பள்ளியில் அப்படியே சொல்லிப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

கடைசியில் டீசல் எஞ்சின்தான் வந்தது. கொட்டகையில் சங்கிலி கட்டிப் பழைய எஞ்சினைத் தூக்கியதையும் புதியதை இறக்கியதையும் அத்தையோடு நின்று பார்த்தேன். புதியது என்று சொல்வது மரியாதைக்காக. அதற்கு என்னைவிட வயது அதிகம். முதன்முதலாக ஸ்டார்ட் ஆனபோது கொட்டகைத் தகரமெல்லாம் கடகடவென்று ஆடியது. மெக்கானிக் அண்ணன் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அத்தை பானெட் மேல் உள்ளங்கையை வைத்து, நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே ஏறி மீட்டர்களைப் பார்த்தாள். பேட்டரி சார்ஜ் காட்டும் முள் சரி, சூடு காட்டும் முள் சரி. வலது கோடியில் இருந்த வட்டமான மீட்டர் மட்டும் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் அது. அத்தை கண்ணாடி மேல் விரலால் தட்டினாள். முள் அசையவில்லை.

"இது ஏன் ஏறல?"

"அது ஏறாதுக்கா. பெட்ரோல் எஞ்சின்ல ஸ்பார்க் அடிக்கும், அதை எண்ணி எண்ணி முள்ளு காட்டும். டீசல்ல ஸ்பார்க்கே கிடையாதே, இன்னாத்த எண்ணும்?"

"அப்ப வேற எங்கேயிருந்தாவது எடுத்துக் கொடுங்க."

மெக்கானிக் அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "டீசல் வண்டிக்கு இன்னாத்துக்குக்கா இந்த மீட்டரு? ஊர்ல ஓடுற லாரில பாதிக்கு இது கிடையாது. சவுண்டு கேட்டாலே தெரிஞ்சிடும். உறுமுச்சுன்னா கியர் மாத்து, முனகுச்சுன்னா இறக்கு. அவ்ளோதான்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கே தெரிந்தது. எஞ்சின் போடும் சத்தத்துக்கு அடுத்த தெருவில் இருப்பவர்கள்கூட கியர் மாற்றலாம். ஆனால் அத்தை அசையவில்லை.

"எனக்கு முள் வேணும்ணே," என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை.

அவள் எதற்கும் பிடிவாதம் பிடிப்பவள் இல்லை. தீபாவளிக்கு என்ன நிறத்தில் புடவை என்றால் எதுவானாலும் சரி என்பாள். தோசை கருகினாலும் பேசாமல் சாப்பிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு முள்ளுக்காக மல்லுக்கு நின்றது வீட்டில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. "அடுத்து ரேடியோ கேட்பா, அப்புறம் ஏ.சி. கேட்பா," என்றார் அப்பா. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில், சம்பந்தமே இல்லாமல், ஜரிகைப் புடவையோடு மெக்கானிக் கொட்டகைக்குள் நுழைந்தாள். "அவ கேக்கறதைப் போட்டுக் கொடுத்துடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அம்மாவுக்கு ஆர்.பி.எம். என்றால் என்னவென்று தெரியாது. அவள் எதற்குப் பரிந்து பேசினாள் என்று நான் யோசிக்கவுமில்லை. பெரியவர்கள் செய்வதற்கெல்லாம் காரணம் தேடினால் அந்த வயதில் வேறு வேலைக்கு நேரம் இருக்காது.

வழியைக் கண்டுபிடித்தது அத்தைதான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தாள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் இல்லாவிட்டாலும் பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் டைனமோ இருக்கிறது. எஞ்சின் சுற்றினால் பெல்ட் வழியாக அதுவும் சுற்றும். சுற்றச் சுற்ற அதற்குள் மின்சாரம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு ஒயர் வழியாக மீட்டருக்குக் கொண்டுவந்தால், ஸ்பார்க்குக்குப் பதிலாக அதை எண்ணிக்கொள்ளும். சில டைனமோக்களில் இதற்கென்றே பின்பக்கம் ஒரு முனை இருக்குமாம். எங்களுடையதில் இல்லை. மெக்கானிக் அண்ணன் அதைக் கழற்றி, உள்ளே இருந்த செம்புச் சுருளில் ஓர் இடத்தில் ஒயரை வைத்துப் பற்றவைத்து வெளியே இழுத்துக் கொடுத்தார். "எரிஞ்சிச்சுன்னா நான் பொறுப்பில்லக்கா" என்று சொன்னாலும், எரிந்துவிடக் கூடாதே என்று அவர் ஊதி ஊதிச் செய்ததை நான் பார்த்தேன்.

ஒயரை எஞ்சின் பக்கத்திலிருந்து மீட்டர் வரைக்கும் கொண்டுவரும் வேலை எனக்கு. எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான். ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தில் நான் மல்லாந்து படுத்துக்கொள்ள, அத்தை வெளியிலிருந்து ஓட்டை வழியாக ஒயரைத் தள்ளினாள். இருட்டில் விரலால் துழாவி அதைப் பிடித்து இழுத்தேன். "வந்துடுச்சு அத்தை" என்று கத்தினேன். அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். மறுபடி கத்தினேன். ஒயர் சுருள் சுருளாக என் முகத்தின் மேல் வந்து விழுந்தது. நான் சிரித்துச் சிரித்து இருமினேன். அத்தை குனிந்து எட்டிப் பார்த்து, ஒயருக்கு நடுவில் என் முகத்தைக் கண்டு, அவளும் சிரித்தாள்.

அன்றைக்கு ஸ்டார்ட் செய்ததும் முள் அசைந்தது. அசைந்தது என்பது சரியில்லை, துள்ளியது. சும்மா நிற்கும் எஞ்சினுக்கு மூவாயிரத்தைத் தாண்டிக் காட்டியது. லேசாக அழுத்தினால் மீட்டரின் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டது. நான் கை தட்டினேன். இணைப்புக் கொடுக்க வந்திருந்த மெக்கானிக் அண்ணனும் திருப்தியோடு, "ஏறுதில்லக்கா? போதும் வுடு," என்றார்.

"பொய் சொல்ற முள்ளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் அத்தை.

மீட்டரின் பின்பக்கம் தகட்டைத் திறந்தால் உள்ளே கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு திருகு இருந்தது. அதை இப்படியும் அப்படியும் திருப்பினால் முள் ஏறும், இறங்கும். ஆகவே முள்ளை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. எஞ்சின் உண்மையில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தெரிந்தால்தானே முள்ளை அதற்குச் சரியாக வைக்க முடியும்? அதைச் சொல்ல வேண்டிய மீட்டரையே சரிசெய்யப் பார்க்கிறோம். அத்தை இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தாள். சாப்பிடும்போது கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லை. அம்மா அவள் தோளைத் தொட்டு ரசம் ஊற்றினாள்.

மூன்றாவது நாள் வேலையிலிருந்து வந்தவள், வாசலில் வண்டிக்கு மேலே எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டைத் தலையைத் தூக்கிப் பார்த்தபடி நின்றுவிட்டாள். பிறகு என்னிடம் சாக்பீஸ் கேட்டாள்.

டியூப்லைட் எப்போதும் எரிவதாகத்தான் நமக்குத் தெரிகிறது, ஆனால் அது நொடிக்கு நூறு தடவை அணைந்து அணைந்து எரிகிறது என்றாள். எஞ்சினின் முன்பக்கம் பெல்ட் ஓடும் சக்கரத்தில் சமமாக நாலு கோடு போட்டாள். எஞ்சின் நிமிடத்துக்குச் சரியாக ஆயிரத்து ஐந்நூறு சுற்றினால், விளக்கு ஒவ்வொரு முறை எரியும்போதும் ஒரு கோடு இருந்த இடத்துக்கு அடுத்த கோடு வந்து நிற்கும். அதனால் நம் கண்ணுக்குச் சக்கரம் சுற்றாமல் நிற்பது போலத் தெரியும். கொஞ்சம் வேகம் கூடினால் கோடுகள் முன்னால் நகரும், குறைந்தால் பின்னால் நகரும். அவர்கள் தொழிற்சாலையில் இதற்கென்று விட்டு விட்டு ஒளி அடிக்கும் ஒரு விளக்கு இருக்கிறதாம். நமக்கு நம் வாசல் விளக்கு போதும் என்றாள். நான் நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை. அதனாலேயே செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்.

இந்த வேலைக்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதித்து எஞ்சினை ஒரே வேகத்தில் வைக்க வேண்டும். ஒருவர் கோடுகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் திருகைத் திருப்ப வேண்டும். மிதிப்பதற்கு அப்பாவை அழைத்தபோது அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, பெல்ட்டில் முடி மாட்டிக்கொள்ளும் என்று சொல்லி, என் இரட்டைப் பின்னலை மடித்துத் தூக்கி, கண்ணில் நீர் வரும்படி இறுக்கிக் கட்டினாள். கோடு பார்க்கும் வேலை எனக்கு.

"நின்னுச்சுன்னா கத்தாதே. கையைத் தூக்கு," என்றாள் அத்தை.

முதல் நாள் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அம்மா காலை வைத்து, வாசல் முழுக்கப் புகை சூழ்ந்து, கோடுகள் ஒன்றோடொன்று குழம்பிச் சாம்பல் நிற வளையமாகத் தெரிய ஆரம்பித்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அந்த வருஷங்களில் சாயங்காலம் கரண்ட் போவது பால்காரர் வருவது மாதிரி. விளக்கு இல்லாவிட்டால் கோடும் இல்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று அத்தை எஞ்சினை நிறுத்தினாள்.

மறுநாள் விளக்கு நிலைத்தது. மெக்கானிக் அண்ணனும் வேடிக்கை பார்க்க வந்து சுவரில் சாய்ந்து நின்றார். அம்மா மிதித்தாள். வளையம் கலைந்து, மங்கலாகக் கோடுகள் தெரிந்தன, முன்னால் ஓடின. அம்மா பயந்து காலை எடுத்தாள், பின்னால் ஓடின. மறுபடி மெதுவாக அழுத்தினாள். கோடுகள் தயங்கின. நடக்கலாமா வேண்டாமா என்பது போல ஊர்ந்தன. பிறகு நின்றன. அத்தனை பெரிய சத்தத்துக்கு நடுவில், கை வைத்தால் விரலைத் துண்டாக்கிவிடும் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம், சாக்பீஸ் கோடுகளோடு அப்படியே அமைதியாக நின்றது. கையைத் தூக்கினேன்.

அத்தை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை மேலே போனதும் அவளுடைய விரல் திருகைத் திருப்பியது. கோடு நகர்ந்தால் கையை இறக்குவேன், அவள் நிறுத்துவாள். நின்றால் தூக்குவேன், திருப்புவாள். அம்மா காலை எடுக்கவே இல்லை. அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து சக்கரத்தைப் பார்த்தார், பிறகு விளக்கைப் பார்த்தார். கடைசியில் அத்தை திருகிலிருந்து கையை எடுத்து, என்னை வந்து மீட்டரைப் பார்க்கச் சொன்னாள். முள் பதினைந்தில், அதாவது ஆயிரத்து ஐந்நூறில், நின்றது. சரிதானா என்று இன்னொரு தரம் பார்க்க அம்மாவைக் காலை எடுக்கச் சொன்னாள். எஞ்சின் அடங்கி, முள் எழுநூற்றைம்பதுக்குப் பக்கத்தில் வந்தபோது, நாலு கோடு எட்டுக் கோடாகி நின்றது. அரைப்பங்கு வேகத்தில் அப்படித்தான் தெரிய வேண்டுமாம்.

"ஷோக்கா கீதேக்கா," என்றார் மெக்கானிக் அண்ணன்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கிய அம்மாவின் கையை அத்தை பிடித்துக்கொண்டாள். ஒரு மீட்டருக்கு இது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரம்தான் அத்தை ஓசூருக்குப் போகப்போகிற செய்தி வந்தது. அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது, ஜூன் மாதம் சேர வேண்டும், ஜீப்பிலேயே போய்விடுவாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். தனியாக எப்படி இருப்பாய் என்று அப்பா அவளைக் கேட்டார். அவள் இருந்துகொள்வாள் என்றாள் அம்மா. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அலமாரியின் மேல் இரண்டு தட்டும் எனக்கே என்று அம்மா ஆறுதலாகச் சொன்னாள். எனக்கு அந்தத் தட்டுகள் எட்டவே எட்டாது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அப்பா வர மறுத்தார். அம்மாவுக்கு விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. அத்தையும் நானும் மட்டும். கேம்ப் ரோடு தாண்டி, மேடவாக்கம் வழியாகக் கடல் பக்கம் போனோம். அத்தை ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முள் இருபதைத் தாண்டி இருபத்தைந்தைத் தொடும். அவள் கை கியருக்குப் போகும். முள் இறங்கும், மறுபடி ஏறும். அவள் கண் சாலைக்கும் முள்ளுக்கும் பின்பக்கக் கண்ணாடிக்குமாக ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் வழி விடாத அத்தை அன்றைக்குக் கண்ணாடியில் எந்த லாரி தெரிந்தாலும் முன்கூட்டியே ஒதுங்கினாள். இத்தனை நிம்மதியாக அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.

பெரும்பாக்கத்தில் இரண்டு பக்கமும் தண்ணீரும் கோரையுமாக இருந்தது. தூரத்தில் ஒரே மாதிரியான உயரமான கட்டடங்கள், பூசாமல், ஜன்னல் வைக்காமல், வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. காற்று முகத்தில் அடித்தது. நான் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததை அங்கேதான் கேட்டேன்.

"அத்தை, என்னையும் உன்கூட ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறியா? அங்கயே ஸ்கூல்ல சேர்ந்துக்கறேன். அம்மாகிட்ட நீ சொன்னா விடுவா."

அத்தை முள்ளைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினாள்.

கடற்கரைச் சாலையில் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாள். நான் பாதி குடித்து அவளுக்குக் கொடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. பேச என்ன இருக்கிறது, எல்லாம் முடிவாகிவிட்டதே. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் இடையிலான ரகசியம், தகுந்த நேரத்தில் அத்தையே அம்மாவிடம் பேசிக்கொள்வாள் என்று இருந்தேன். பள்ளியில் என் பக்கத்தில் உட்காருபவளிடம் மட்டும், அடுத்த வருஷம் நான் வரமாட்டேன், என் இடத்தில் ஜன்னலோரம் நீ உட்கார்ந்துகொள் என்று தாராளமாகச் சொல்லிவிட்டேன்.

அத்தை கிளம்பிய காலையில் புத்தகப் பையைக் காலி செய்து, மூன்று கவுன், பாவாடை ஒன்று, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு, ஜீப்பின் பின் இருக்கையில் அவளுடைய பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். உள்ளே எட்டி என்னை அள்ளித் தூக்கி, கன்னத்தில் முத்தம் கொடுத்துக் கீழே இறக்கினாள். "லீவுக்கு வாடி தங்கம்," என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஒரு கண்சிமிட்டல், ஒரு சைகை, ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஜீப் தெருமுனையில் திரும்பி, சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதுவும் வேளச்சேரி சாலையின் இரைச்சலோடு கலந்துவிட்டது.

அதற்குப் பிறகு பல மாதங்கள், சாயங்காலத்தில் தெருவில் எந்த டீசல் வண்டி வந்தாலும் வாசலுக்கு ஓடினேன். தண்ணீர் வண்டி, மளிகைக் கடை வேன், யாரோ வீடு மாற்றும் லாரி. ஒவ்வொன்றும் தூரத்தில் வரும்போது அத்தையாகத்தான் வந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் வேறு ஆனது. அவளிடமிருந்து போன் வந்தால் அம்மா என்னைக் கூப்பிடுவாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். எப்போதாவது பேச நேர்ந்தாலும் அவள் பேசுவாள், நன்றாகப் படி, சாப்பிடு என்பாள், நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். விடுமுறைக்கு ஓசூருக்குப் போகவே இல்லை. அவள் தீபாவளிக்கு வந்தால் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ஆனால் வாக்குத் தவறியவள் என்பதை மறக்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது அத்தை ஒரு வீடியோ அழைப்பில் வந்தாள். முடியை ஒதுக்கியபோது இரண்டு காதிலும் சின்னதாக மெஷின் தெரிந்தது. புதிதா என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இப்பத்தான் போட்டுக்கிட்டா. வேணும்னு ஆகி எவ்வளவோ வருஷம் ஆச்சு. உனக்குத் தெரியாதா? ஜீப்புக்கு டீசல் எஞ்சின் மாத்தினோமே, அப்பவே அவளுக்கு இடது காது சுத்தமா கேக்காது. வலது காதும் பாதிதான். பாலிடெக்னிக் முடிச்சதுலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருந்துச்சு. மெஷின் சத்தத்துல இருந்தா இருக்கறதும் போயிடும்னு டாக்டர் சொன்னார். அதான் ஓசூர்ல தனியா கண்ணாடி ரூம்ல உக்காந்து பாக்கற வேலை கிடைச்சதும் கிளம்பிட்டா. உங்கப்பாகிட்ட சொல்ல வேணாம்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. சொன்னா வண்டியைத் தொடவே விட்டிருக்க மாட்டார்."

லாரிக்காரன் அடித்த ஹாரன், மெக்கானிக் அண்ணன் காதால் கேட்டு கியர் மாற்றச் சொன்னது, அம்மா கொட்டகைக்குள் நுழைந்தது எல்லாவற்றுக்கும் அன்றைக்கு ஒரே நேரத்தில் காரணம் கிடைத்தது. அம்மா அடுத்த கீரைக்கட்டை எடுத்து ஆய ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அது பழைய செய்தி.

இப்போது எனக்குச் சிறுசேரியில் வேலை. கம்பெனி பஸ் தினமும் பெரும்பாக்கம் வழியாகத்தான் போகிறது. அந்தக் கட்டடங்களில் ஜன்னல்கள் வைத்து, குடி வந்து, துணி காய்ந்து, நிறம் மங்கியும் போய்விட்டது. கோரை குறைந்துவிட்டது. அத்தை ஓசூரில்தான் இருக்கிறாள்; ஜீப்பை விற்றுவிட்டாள். தினமும் ஏதாவது செய்தி அனுப்புவாள், நானும் அனுப்புவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் நான் கேட்டதை இதுவரை அவளிடம் எழுதவில்லை. தட்டச்சு செய்து பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து வயதுக் கேள்வியை இந்த வயதில் எந்த வார்த்தையில் எழுதினாலும், பதில் சொல்லியாக வேண்டிய குற்றச்சாட்டு மாதிரி ஆகிவிடுகிறது.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை நம் ஊரில் இடது பக்கம். எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது, காற்றும் அடித்தது. அவளுடைய கேட்காத காதுக்குத்தான் நான் அத்தனையும் சொல்லியிருக்கிறேன். நான் ஏதோ சொன்னேன் என்பது மட்டும் என் வாயைப் பார்த்து அவளுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீரைப் பற்றியோ பறவையைப் பற்றியோ சொன்னேன் என்று நினைத்திருப்பாள். காது கேட்காதவர்கள், பேசுகிறவர் மனம் நோகக் கூடாது என்று, சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.